தோட்டத்துக்கு ஒரு பேரேடு: கொள்கைப் பிரகடனம்

மாடியிலும் கொல்லையிலும் செடி வளர்க்கும் நாங்கள், இந்த ஆடி முதல் எங்கள் தோட்டங்களுக்குக் கணக்கு எழுதத் தொடங்குகிறோம். பரணிலும் பழைய பேப்பர் கடையிலும் கிடக்கும் பேரேடுகளே எங்கள் ஏடுகள். ஏன் எழுதுகிறோம், ஏன் பழைய ஏட்டில் எழுதுகிறோம், எந்த விதிகளுக்குக் கட்டுப்படுகிறோம் என்பதை இங்கே அறிவிக்கிறோம்.

ஏன் எழுதுகிறோம்

கொடி அவரையை ஆடியில் ஊன்றுகிறோம். பகல் பொழுது குறையும்வரை அது பூக்காது. புரட்டாசியில் பந்தல் நிறைய இலையை மட்டும் பார்த்துவிட்டு, இது காய்க்காத கொடி என்று அறுத்தெறிகிறவர்கள் உண்டு. போன ஆண்டு கார்த்திகையில்தான் முதல் பூ வந்தது என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தால் அந்தக் கொடி பிழைத்திருக்கும்.

விதைக்கும் பட்டம் ஊருக்கெல்லாம் பொது. மொட்டைமாடியோ வீட்டுக்கு வீடு வேறு. எந்தக் கைப்பிடிச் சுவர் மாலை வெயிலில் கொதிக்கிறது, ஐப்பசி மழையில் எந்தத் தொட்டியில் தண்ணீர் தேங்குகிறது, செம்பருத்தியில் மாவுப்பூச்சி எப்போது ஏறுகிறது என்பதை எந்தக் கையேடும் நமக்குச் சொல்லாது. அங்கே நீர் ஊற்றுகிறவர் எழுதினால்தான் உண்டு.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது, டெல்டாவின் தென்னந்தோப்புகளோடு கொல்லை மரங்களும் சாய்ந்தன. அவற்றை யார் வைத்தார்கள், கன்று எங்கிருந்து வந்தது, எத்தனையாவது ஆண்டில் காய்த்தது என்ற விவரம் பெரும்பாலும் பெரியவர்களின் நினைவில் மட்டுமே இருந்தது. மரம் போனாலும் அதன் விவரம் போகக்கூடாது என்கிறோம் நாங்கள்.

இப்படி எழுதியவர்களால் உலகம் பயன் கண்டிருக்கிறது. இங்கிலாந்தின் செல்போர்ன் கிராமத்தில் கில்பர்ட் ஒயிட் 1751இல் தன் தோட்டக் குறிப்பேட்டைத் தொடங்கினார். அமெரிக்காவின் கான்கார்டில் ஹென்றி டேவிட் தோரோ, 1850களில், எந்தச் செடி எந்த நாளில் பூத்தது என்று குறித்துவைத்தார். ஒன்றரை நூற்றாண்டு கழித்து, ரிச்சர்ட் பிரைமாக் தலைமையிலான ஆய்வாளர்கள் அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு அதே ஊரில் அதே செடி வகைகளைப் பார்த்தார்கள். பூக்கும் காலம் சராசரியாக ஒரு வாரம் முந்திவிட்டது தெரிந்தது. நம் கொன்றைக்கும் புங்குக்கும் வேம்புக்கும் அப்படியொரு கணக்கு நம் தெருக்களிலிருந்து வரவேண்டும்.

தமிழில் நாள்தோறும் எழுதும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. 1736இல் நாட்குறிப்பைத் தொடங்கி, 1761இல் இறக்கும்வரை எழுதிய புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை ஒரு வணிகர், கணக்கோடு வாழ்ந்தவர்.

ஏன் பழைய பேரேடு

கடைக்கணக்குக்காகச் செய்த பேரேடு நெடுங்காலம் புழங்குவதற்கென்றே கட்டப்பட்டது. தடித்த தாள், நூல் தையல், காலிகோ முதுகு. மையில் எழுதினால் ஊறாது. பாதி எழுதி நின்றுபோன பேரேட்டில் மீதிப் பக்கங்கள் கோடு போட்டபடி காத்திருக்கின்றன. அதை எடைக்குப் போட்டுவிட்டுப் புதுத் தாள் வாங்குவதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

அதன் கட்டங்களும் எங்களுக்கு உதவுகின்றன. 1957 ஏப்ரலில் நயா பைசா வருவதற்கு முந்தைய ஏடுகளில் ரூபாய், அணா, பை என்று மூன்று பத்திகள் இருக்கும். அவற்றில் நாங்கள் ஊன்றிய விதை, முளைத்த விதை, காய்த்த செடி ஆகிய மூன்றையும் எழுதுவோம். முளைப்புத்திறன் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

எங்கள் விதிகள்

1. அரிய நூலைத் தொடமாட்டோம். ஓலைச்சுவடி, பழைய தமிழ் அச்சுநூல், சிற்றிதழ், துண்டுப் பிரசுரம் எது கிடைத்தாலும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்தில் காட்டிக் கேட்ட பிறகே முடிவு செய்வோம்.

2. முன்னவர் கையெழுத்தை அழிக்கமாட்டோம், கிழிக்கமாட்டோம், அதன்மேல் ஒட்டமாட்டோம். அரிசி விலையும் கைமாற்றும் எழுதிய பக்கங்கள் அந்தக் குடும்பத்தின் வரலாறு. வெற்றுப் பக்கங்கள் மட்டுமே எங்களுக்கு.

3. பேரேடு கிடைக்காதவர்கள், காலாவதியான வரிச்சட்டக் கையேடு போன்ற, ஏராளமாக அச்சிடப்பட்ட புத்தகத்தின் அட்டையைப் பயன்படுத்தலாம். உள்தாளைப் பிரித்துவிட்டுப் புதுத் தாளைத் தைத்து, துத்தம் கலந்த மைதாப் பசையால் ஒட்டுவோம். துத்தம் நஞ்சு, அந்த வேலையைப் பெரியவர்களே செய்வார்கள். செலோடேப் தாளை மஞ்சளாக்கும் என்பதால் அது வேண்டாம்.

4. விதை உறையும் படமும் ஒட்டினால் ஏடு உப்பும், முதுகு பிளக்கும். அதனால் புதிதாகத் தைக்கும் ஏட்டில் தாள்களுக்கு நடுவே குறுகிய தாள்கீற்றுகளையும் சேர்த்துத் தைத்து இடம் விடுவோம். இலையையும் பூவையும் செய்தித்தாளுக்குள் பாரம் வைத்து, தாளை மாற்றி மாற்றி, முழுக்கக் காய்ந்த பிறகே ஒட்டுவோம்.

5. செடியருகே துண்டுச்சீட்டில் குறித்து, அன்று மாலையே ஏட்டில் ஏற்றுவோம். பென்சில் போதும், ஈரம் பட்டாலும் கரையாது, வெளிறாது.

6. கடைக்கு வைப்பதுபோல் தோட்டத்துக்கும் நாள்வழி, பேரேடு, ஐந்தொகை மூன்றும் வைப்போம். மழை, வெயில், பூச்சி, தெளித்த கரைசல் எல்லாம் நாள்வழியில். ஒவ்வொரு செடிக்கும் பேரேட்டில் தனிப் பக்கம். ஆனி முடிவில் ஐந்தொகை: எது பிழைத்தது, எது போனது, ஏன்.

7. விதையின் ஊரையும், கொடுத்தவர் சம்மதித்தால் பெயரையும் எழுதுவோம். இலவம்பாடி முள்ளுக்கத்தரி என்று வாங்கிய விதையை வெறும் கத்தரி என்று எழுதமாட்டோம்.

8. பட்டுப்போனதை மறைக்கமாட்டோம். அழுகிய நாற்றும் அசுவினி சாறு உறிஞ்சிய கொழுந்தும் பற்றுப் பக்கத்தில் அப்படியே ஏறும். அடுத்தவருக்கு அந்தப் பக்கமே அதிகம் உதவும்.

9. ஏட்டைப் பூட்டி வைக்கமாட்டோம். விதை கேட்டு வருகிறவருக்கு விதையோடு அந்தச் செடியின் பக்கத்தையும் காட்டுவோம். குழந்தைகள் எழுத ஆசைப்பட்டால் பென்சிலைக் கொடுப்போம்.

அழைப்பு

எங்கள் இயக்கத்தில் சேர விண்ணப்பம் இல்லை, சந்தா இல்லை. ஒரு தொட்டியில் கீரை வைத்திருக்கிறவரும் எங்களோடு சேர்ந்தவரே. வீட்டுப் பரணைத் தேடுங்கள். மூடிய மளிகைக்கடைகளில் கேளுங்கள். பழைய பேப்பர் கடைக்காரரிடம் சொல்லிவையுங்கள். கிடைத்த ஏட்டைத் தூசி தட்டி, இராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்து, நிழலில் காற்றாட வையுங்கள். முதல் வெற்றுப் பக்கத்தில் உங்கள் பெயர், ஊர், மாடி பார்க்கும் திசை, உங்களுக்குப் பின் ஏடு யாரைச் சேரவேண்டும் என்ற நான்கையும் எழுதுங்கள். ஆடியில் ஊன்றும் முதல் விதை, மண்ணுக்குள் போகும் அன்றே ஏட்டிலும் ஏறட்டும்.