லேப்டாப் ஸ்லோவா? இஎம்ஐ போடறதுக்கு முன்னாடி ஃபேனைப் பாருங்க

லேப்டாப் கொதிக்குது, ஃபேன் கத்துது, எக்செல் திறக்கவே ஒரு நிமிஷம் ஆகுதுன்னா உடனே 'நோ காஸ்ட் இஎம்ஐ' தேடாதீங்க நண்பர்களே. மேனாம்பேட்டுல ஜன்னலைத் திறந்து வச்சு வேலை பார்க்கிறவங்களுக்கு நான் சொல்லவே வேணாம். பக்கத்துலயே அம்பத்தூர் எஸ்டேட், வாசல்ல ரோட்டுப் புழுதி. காலையில துடைச்ச டேபிள் சாயந்திரம் எப்படி இருக்கு? அதே தூசியைத்தான் லேப்டாப் ஃபேனும் உள்ளே இழுக்குது. தூசி அடைச்சா சூடு வெளியே போகாது. பிராசஸர் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைத் தானே குறைச்சுக்கும். 'பழசாயிடுச்சு'ன்னு நாம முடிவு கட்டுறது பல நேரம் இதைத்தான்.

கணக்குக்கு வருவோம். புது லேப்டாப் 60,000 ரூபாய்னு வைங்க. பிசினஸ் பண்றவர் வருமான வரியில 40 சதவீதம் தேய்மானம் கழிச்சுக்கலாம். சம்பளக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது, மொத்தமும் நம்ம பாக்கெட். கிரெடிட் கார்டு நோ காஸ்ட் இஎம்ஐல கூட வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. (அப்புறம் என்ன 'நோ காஸ்ட்'?) தூசி ஊதுற ஏர் கேன் சில நூறு ரூபாய்தான்.

ஆஃப் பண்ணி, சார்ஜரைக் கழட்டி, ஆறினதும் காத்துத் துளை வழியா விட்டு விட்டு ஊதுங்க. வாயால ஊதாதீங்க, ஈரம் போகும். வாரண்டி இருந்தா மூடியைத் திறக்காம சர்வீஸ் சென்டர் போங்க. ஆபீஸ் லேப்டாப்னா கையே வைக்காதீங்க, ஐடி டீமுக்கு டிக்கெட் போடுங்க.

அப்புறமும் ஸ்லோவா? பழைய ஹார்டு டிஸ்க்கா இருந்தா எஸ்எஸ்டி மாத்திப் பாருங்க. அதுக்கும் மசியலைன்னா மாசம் 5,000 ஆர்டி போட்டு, அடுத்த வருஷம் முழுக் காசு கொடுத்து வாங்குங்க.