பிள்ளையின் பிடிவாதம்

மாற்றல் உத்தரவு வந்ததும் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டி வண்டியேற்றிவிடுகிறோம். பிள்ளையின் மனமும் உடன் வந்து சேர்ந்ததா என்று பார்ப்போர் சிலரே.

புது ஊர், புது மொழி, புதுப் பள்ளி. ஆறு திங்கள் கழிந்தும் பையன் காலைதோறும் வயிற்றுவலி என்கிறான். ஞாயிறன்று மட்டும் வலி இருப்பதில்லை. பெண்ணோ தொட்டதற்கெல்லாம் சீறுகிறாள். "செல்லங் கொடுத்துக் கெட்டது" என்பார் ஒருவர். "கண்ணேறு" என்பார் மற்றொருவர். முடிவில் பிரம்பு பேசும். அச்சத்தால் விளைந்த பிடிவாதத்தை அச்சமூட்டிப் போக்க முயல்வது, எரிகிற நெருப்பில் நெய் வார்ப்பதேயாகும்.

பயணச்சீட்டுக் கணக்கெழுதும் நாம் மருத்துவரல்லோம். ஆயினும் மனநல வல்லுநர் கையாளும் முறை மாயமன்று என்பதை அன்பர்கள் அறிதல் நலம். முதலில் உடல்நோய் உண்டா என்று பார்ப்பர். பின்னர், தொல்லை எப்பொழுது எழுகிறது, அதற்குமுன் நடந்தது யாது, பெற்றோர் செய்தது யாது என்று குறித்துவரச் சொல்வர். சிறு நற்செயலையும் உடனே பாராட்டப் பழக்குவர். பள்ளிக்கு அஞ்சும் குழந்தையை முதலில் வாயில்வரை, பின்பு ஒரு மணி நேரம் எனப் படிப்படியாகக் கொண்டுசேர்ப்பர். மருந்து எல்லார்க்கும் வேண்டுவதில்லை. குடும்பத்தின் துணையோ என்றும் வேண்டும். 1950களிலேயே அமிருதசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளரின் உறவினரை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கச் செய்து, சிகிச்சையில் பங்குகொள்ள வைத்தார்.

"வேற்று மொழியில் வயிற்றுவலியைச் சொல்லலாம்; மனவலியைச் சொல்வதெங்ஙனம்?" என்று கேட்பீர்கள். நியாயமே. 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவையில் தமிழிலும் பேசலாம். எண் 14416. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். நாக்பூரிலிருந்தாலும் கௌஹாத்தியிலிருந்தாலும் எண் ஒன்றே. நேரில் மருத்துவரைக் காண வேண்டுமாயின் அதற்கும் வழிகாட்டுவர்.

"நாளை பெண்ணுக்கு வரன் பார்க்கையில் பேச்சாகிவிடுமே" என்னும் அச்சமும் நம்மவரிடையே உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சைச் செய்தியை மறைவாகக் காக்கப்பெறும் உரிமையை வழங்கியுள்ளது. ஊர்வாய்க்கு அஞ்சிக் காலந் தாழ்த்துவோமாயின், அதற்கு விலை கொடுப்பது பிள்ளையே.

காய்ச்சல் கண்டால் மறுநாளே மருந்துச்சாலைக்கு ஓடுகிறோம். பல வாரங்களாகப் பேச்சடங்கிய குழந்தைக்கும் அவ்வளவு விரைவு காட்டுவது நம் கடமையன்றோ?