அடையாள அட்டைப் பிரதி எங்கே போய் முடிகிறது?

2023 ஆகஸ்ட் 26ஆம் திகதி அரசாங்கத்தின் 'லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்' வலையமைப்பு கப்பம் கோரும் ரான்சம்வெயார் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச நிறுவனங்களின் சுமார் 5000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. பழையவற்றை மீட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போனது போனதுதான். வலையமைப்புக்கு வெளியே, வேறாக எடுத்து வைக்கப்பட்ட பிரதி அந்தக் காலப்பகுதிக்கு இருக்கவில்லை. மென்பொருளும் காலங்கடந்த பழைய பதிப்பு.

இது கொழும்பின் பிரச்சினை என்று ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இருக்கும் நாம் கடந்து போய்விட்டோம். பிரதேச செயலகத்தில் நாம் கொடுக்கும் விண்ணப்பங்களும் இப்போது இப்படியான கணினிகளுக்குள்தான் போகின்றன என்பதை யாரும் பெரிதாக யோசிக்கவில்லை.

தகவல் பாதுகாப்புத் துறையினர் ஒரு தகவலுக்கு ஆயுட்காலம் உண்டு என்பார்கள். அது உருவாகிறது, சேமிக்கப்படுகிறது, பயன்படுத்தப்படுகிறது, பிறருடன் பகிரப்படுகிறது, பின்னர் ஆவணக் காப்புக்குப் போகிறது, தேவை முடிந்ததும் அழிக்கப்படுகிறது. பாதுகாப்பு என்றதும் நமக்குக் கடவுச்சொல்லும் ஹேக்கரும்தான் நினைவுக்கு வரும். அது நடுவில் உள்ள ஓரிரு கட்டங்களின் கதை. மலையகத்தில் சேதம் அதிகம் நடந்திருப்பது பிறக்கும் இடத்திலும் அழியும் இடத்திலும் என்பது என் அபிப்பிராயம்.

பிறக்கும் இடத்தை எடுத்துக்கொள்வோம். தோட்டத்தில் ஒரு பிள்ளை பிறந்தால் பெயரைத் தாய் தமிழில் சொல்வாள். எழுதுபவர் காதில் விழுந்ததைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுவார். செக்ரோலில் கணக்கப்பிள்ளை எழுதியது இன்னொரு விதம். அடையாள அட்டையில் மூன்றாவது விதம். இதன் விலை தெரிய வருவது, பெண் தொழிலாளி 50 வயதிலும் ஆண் தொழிலாளி 55 வயதிலும் ஊழியர் சேமலாப நிதியைப் பெறப் போகும்போதுதான். பெயர் பொருந்தவில்லை, சத்தியக் கடதாசி கொண்டு வா என்பார்கள். அலைவது ஒரு புறம், அந்த நாட்களின் சம்பளம் போவது மறுபுறம். நம் வீடுகளிலும் இது புதிதல்ல. முஹம்மது, மொஹமட், மொஹொமட் என்று ஒரே வாப்பாவின் பிள்ளைகள் மூன்று எழுத்தில் இருப்பார்கள். தகவலை இரகசியமாக வைப்பதைப் போலவே அதைப் பிழையின்றி வைப்பதும், வேண்டிய நேரத்தில் கிடைக்கச் செய்வதும் பாதுகாப்பின் பகுதிகள்தான். பின்னைய இரண்டையும் இங்கே பாதுகாப்பு என்று யாரும் கணக்கெடுப்பதில்லை.

ஒரு கடதாசி இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்று மலையக மக்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு அவர்கள் நாடற்றவர்களானார்கள். அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், தொடர்ச்சியாக இங்கேயே வாழ்ந்ததற்கு அத்தாட்சி கேட்டது. சுமார் எட்டே கால் இலட்சம் பேருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. உரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. அந்தச் சட்டம் இந்தியாவிலிருந்து வந்து கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பங்களையும் தொட்டது என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிக்கையாகப் பிரித்தது: 5,25,000 அங்கே, 3,00,000 இங்கே, மீதி பிறகு பார்ப்போம் என்று. இந்த விவகாரத்துக்கு முடிவு காணும் சட்டம் வர 2003 ஆகியது. இவ்வளவு காலமும் ஒரு குடும்பத்தின் தலைவிதி, தகரப் பெட்டியில் இருந்த சில தாள்களில் தொங்கியது.

அந்தப் பெட்டிதான் இன்றும் பல லயன்களின் ஆவணக் காப்பகம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களின் மலைச்சரிவுகள் இறங்கின. வீடு போனால் பெட்டியும் போகும். பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் ஒரே இரவில் போகும். 1990 ஒக்டோபரில் காணி உறுதிகளையும் விட்டுவிட்டு வெளியேற்றப்பட்ட வடபுல முஸ்லிம்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அரசாங்கத்தின் மேகக் கணினிக்கும் லயன் காம்பராவின் தகரப் பெட்டிக்கும் குறை ஒன்றே: வேறிடத்தில் பிரதி இல்லை.

அடுத்தது போட்டோக் கொப்பிக் கடை. அஸ்வெசும, கடவுச்சீட்டு, வெளிநாட்டு வேலை என எதற்கு விண்ணப்பிப்பதானாலும் தோட்டத்து மக்கள் டவுனுக்கு வந்து ஏறும் படி அதுதான். அடையாள அட்டையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வார்கள், அச்சடித்துக் கொடுப்பார்கள். படம் கடைக்காரரின் தொலைபேசியிலும் கணினியின் முகப்பிலும் தங்கிவிடும். அவர் கெட்டவர் என்பதல்ல. அழிக்க வேண்டும் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை, கேட்டதுமில்லை. அடையாள அட்டை இலக்கம் வெறும் இலக்கமல்ல. பிறந்த ஆண்டு, நாள், ஆணா பெண்ணா என்பதெல்லாம் அதிலேயே இருக்கிறது. பழைய இலக்கத்தின் கடைசி எழுத்து வாக்குரிமை உண்டா இல்லையா என்பதையும் சொன்னது.

இனி அழியும் இடம். சில காலத்துக்கு முன் நான் வாங்கிய வடை சுற்றி வந்த பேப்பர் பேக், யாரோ ஒரு பெண்மணி நிரப்பிய கடன் விண்ணப்பம். பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம் எல்லாம் எண்ணெயில் ஊறியிருந்தன. எந்த நிறுவனத்தின் படிவம் என்பது இங்கே முக்கியமல்ல. பழைய கடதாசி நிறைக்கு விற்கப்படும் நாட்டில் இது அன்றாட நிகழ்ச்சி. தகவலறியும் உரிமைச் சட்டம் அமுலுக்கு வந்தபோது இருந்த பதிவேடுகளைப் பத்து ஆண்டுகளும், பின்னர் உருவாக்கப்பட்டவற்றைப் பன்னிரண்டு ஆண்டுகளும் குறைந்தது வைத்திருக்க வேண்டும் என்று அரச நிறுவனங்களுக்குச் சொல்கிறது. வைத்திருக்க வேண்டியது தொலைகிறது, ஒழிக்க வேண்டியது வடைக்கடைக்குப் போகிறது. நம் நாட்டின் தகவல் முகாமைத்துவத்தில் எனக்குத் தெரியும் பெரிய முரண் இதுதான்.

பகிர்தல் பற்றி நம் சமூகத்திற்குச் சொல்ல நிறைய உண்டு. 2020 மார்ச் இறுதியில் அட்டுலுகமவும் அகுரணையும் முடக்கப்பட்ட நாட்களில், நோயாளியின் ஊரும் இனமும் மருத்துவத் தகவல் என்ற நிலையிலிருந்து செய்தித் தலைப்பாக மாறியதைப் பார்த்தோம். நோயைக் கட்டுப்படுத்த ஊரின் பெயர் தேவைப்பட்டது. மதம் எதற்குத் தேவைப்பட்டது?

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இனம், மதம், உடல்நலம், கைரேகை போன்றவற்றை விசேட வகைத் தரவாக வைக்கிறது. தேவைக்கு மேல் சேகரிக்காதே, தேவை முடிந்த பின் வைத்திராதே என்கிறது. நல்ல சட்டம். ஆனால் 2025 மார்ச் 18 அன்று நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பின்போடப்பட்டன, பிறகு சட்டமே திருத்தப்பட்டது. இதற்கிடையில் இந்தியாவின் நன்கொடையுடன் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் நகர்கிறது. முகம், கைரேகை, கருவிழி எல்லாம் எடுக்கப்படவுள்ளன. கடவுச்சொல் திருடு போனால் மாற்றலாம். கருவிழியை எப்படி மாற்றுவது? கையுழைப்பாளரின் தேய்ந்த ரேகையை இயந்திரம் ஏற்காமல் போவது இந்தியாவின் ஆதாரில் ஏற்கெனவே கண்ட சிக்கல். வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்த விரல்களுக்கு என்ன மாற்றுவழி, பெயர்ப் பிழைகளைத் திருத்தாமலேயே புதிய அட்டைக்கு ஏற்றிவிடுவார்களா, தோட்டத்திலேயே நடமாடும் சேவை நடத்தித் தமிழில் சரிபார்ப்பார்களா? மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்கள் பதிவு தொடங்கும் முன்னரே இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். நமது உறுப்பினர்களும் அவர்களோடு சேர்ந்து கேட்பதில் தவறில்லை.

அரசைக் கேட்கும் நாம் பள்ளிவாசல் அலுமாரியையும் திறந்து பார்க்க வேண்டும். ஜமாஅத் பதிவேடு, திருமணப் பதிவு, ஜனாஸாப் பதிவு, ஸகாத் பெறுவோர் பட்டியல் எல்லாம் அங்கே உண்டு. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சியும் வைக்கச் சொல்லும் நீண்ட வசனத்தை ஓதும் நாம், எழுதியதை யார் கையில் வைக்கிறோம்? நிர்வாகம் மாறும்போது பழைய செயலாளரின் மடிகணினியோடு பட்டியலும் போய்விடுகிறது. நோன்பு காலத்தில் உலருணவுப் பொதி வாங்கும் தாயின் படம் வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. பெருநாளைக்குப் பிறகும் அது அங்கேயே கிடக்கிறது. திருமணப் பதிவை நிரந்தரமாக, இரண்டு இடங்களில் வைக்க வேண்டும். ஸகாத் பட்டியலை இருவர் மட்டும் பார்க்க வேண்டும், கணக்குப் பரிசோதனை முடிந்ததும் அடையாள அட்டைப் பிரதிகளைக் கிழித்து எரித்துவிட வேண்டும். இதற்குச் சட்டம் அமுலாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த நிர்வாகக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி சேர்த்தால் போதும்.