பயாலஜி நமக்கு எதுக்கு மச்சி?



"பயாலஜியா? அது டாக்டருக்குப் படிக்கிறவனுக்குடா. நமக்கு எதுக்கு?" கேன்டீனில் இந்த வசனத்தை எத்தனை தடவை கேட்டிருப்போம்! பத்தாம் வகுப்பு அறிவியல் பரீட்சை முடிந்த அன்றைக்கே செல்லுக்கும் புரதத்துக்கும் டாட்டா காட்டிவிட்டு வந்தவர்கள்தான் நாம். டிப்ளமோ முதலாண்டில் கணக்கு உண்டு, பிசிக்ஸ் உண்டு, கெமிஸ்ட்ரி உண்டு. உயிரியலுக்கு மட்டும் வாசலிலேயே கதவடைப்பு.

என் கருத்தை நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். மெஷினும் மனுஷ உடம்பும் மோதிக்கொள்ளும் இடத்தில் முதல் ஆளாக நிற்கப் போகிறவன் டாக்டர் இல்லை. டாக்டர் கடைசியில்தான் வருவார். முதலில் நிற்பவன் சூப்பர்வைசர், அதாவது நாம். ஆகவே உயிரின் கெமிஸ்ட்ரியில் அரிச்சுவடியாவது தெரியாமல் டிப்ளமோ வாங்குவது ஆபத்து. நமக்கு மட்டுமல்ல, நமக்குக் கீழே வேலை செய்யப் போகிறவர்களுக்கும்!

பெரிய ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். நம்ம ஊர்ப்பக்கம் நடப்பதை வைத்தே பேசுவோம்.

ஆட்டுச்சந்தையில் ஆரம்பிப்போம்

நான் ஒடுகத்தூர்க்காரன். ஜவ்வாது மலை அடிவாரம். எங்க ஊரில் வெள்ளிக்கிழமை என்றால் ஆட்டுச்சந்தை. வியாபாரிகள் வந்து விலை பேசி ஆடு பிடித்துக்கொண்டு போவார்கள். கறி பிரியாணிக்குப் போகும். தோல்? ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று டேனரிகளுக்குப் போகும். நம் வகுப்பிலேயே அப்பாவோ அம்மாவோ அண்ணனோ டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் வேலை பார்க்கும் வீடுகள் எத்தனை! அந்தச் சம்பளத்தில் ஃபீஸ் கட்டிப் படிக்கிறவர்கள்தானே நம்மில் பாதிப் பேர்?

ஆடு அறுத்த சில மணி நேரத்தில் தோல் கெட ஆரம்பித்துவிடும். அதனால் உப்பு தடவி வைக்கிறார்கள். ஏன் உப்பு? உப்பு தோலிலிருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கிறது. பாக்டீரியாவின் உடம்பில் இருக்கும் தண்ணீரையும் சேர்த்துத்தான். தண்ணீர் போனால் அதற்கு வளர்ச்சி ஏது? ஊறுகாயிலும் கருவாட்டிலும் நடப்பது இதேதான். 'சவ்வூடு பரவல்' என்று பள்ளியில் மனப்பாடம் செய்து இரண்டு மார்க் வாங்கினோமே, அதுதான் இது.

சரி, தோல் என்பது என்ன? அதில் முக்கியமான சரக்கு கொலாஜன் என்ற புரதம். புரதம் என்றால் அமினோ அமிலங்களை மணி மணியாகக் கோத்த சங்கிலி. கொலாஜனில் அப்படி மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. மூன்று புரிக் கயிறு என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது மணி எப்போதும் கிளைசின். அமினோ அமிலங்களிலேயே மிகச் சின்னது அதுதான். கயிற்றின் நடு இடுக்கில் வேறெதற்கும் இடம் கிடையாது. டிசைன் எப்படி இருக்கிறது பாருங்கள்!

பதப்படுத்தாத தோலைத் தண்ணீரில் போட்டு 60, 65 டிகிரி சூடாக்கினால் இந்தக் கயிறு பிரிந்து தோல் சுருங்கிவிடும். இன்னும் கொதிக்கவிட்டால் கரைந்து ஜெலட்டின் ஆகும். ஆட்டுக்கால் பாயா ஆறினதும் கெட்டியாகி ஆடுகிறதே, அது இந்தக் கொலாஜன்தான்.

இந்த மூன்று புரிக் கயிற்றின் அமைப்பைக் கண்டுபிடித்துச் சொன்னது அமெரிக்காவும் இல்லை, ஜெர்மனியும் இல்லை. சென்னைதான்! சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வால் தசைநாணை எக்ஸ்-ரேயில் ஆராய்ந்து 1954-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். இதில் நமக்கு ஒரு விசேஷம் உண்டு. ராமச்சந்திரன் 1942-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தது எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படிக்க. அங்கே சர் சி.வி. ராமனிடம் போய் பிசிக்ஸுக்கு மாறினார். எலக்ட்ரிக்கலில் ஆரம்பித்தவர் கடைசியில் தோலின் ரகசியத்தை உடைத்தார். 'நமக்கு எதுக்கு?' என்று அவர் கேட்டிருந்தால்?

கடுக்காயும் குரோமியமும்

எங்க மலையில் கடுக்காய் பொறுக்குவார்கள். ஒரு துண்டை வாயில் போட்டுக் கடித்துப் பாருங்கள். நாக்கு அப்படியே இழுத்துக்கொள்ளும். அந்தத் துவர்ப்புக்குக் காரணம் டானின். அது உமிழ்நீரில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போடுகிறது. வழுவழுப்பு போய் வாய் வறண்டுவிடுகிறது. தோலிலும் இதுவேதான் நடக்கிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு ஊறவைத்தால் டானின் கொலாஜனைக் கட்டிவிடும், தோல் அழுகாது. 'டேனரி' என்ற பேரே அங்கிருந்து வந்ததுதான்.

பிறகு குரோமியம் வந்தது. கொலாஜன் சங்கிலிகளின் அமில முனைகளைக் குரோமியம் குறுக்கே கோத்து இறுக்கிவிடும். பட்டைக்கு வாரக் கணக்கு, குரோமுக்கு ஒரு நாள் போதும். அந்தத் தோல் கொதிக்கும் தண்ணீரையும் தாங்கும். லாபம்தான், சந்தேகமில்லை.

ஆனால் தோலில் தடவிய உப்பு எங்கே போயிற்று? ஊறவைத்துக் கழுவிய தண்ணீரோடு போயிற்று. பல வருஷம் அது போய்ச் சேர்ந்த இடம் பாலாறும் அதன் கரைக் கிணறுகளும். பாக்டீரியாவின் தண்ணீரை இழுத்த அதே உப்பு இப்போது பயிரின் வேருக்கு எதிராக வேலை செய்கிறது. மண்ணில் உப்பு ஏறினால் ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது. தொழிலில் நல்லது, வயலில் கெட்டது. கெமிஸ்ட்ரி ஒன்றுதான்!

1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. டேனரிப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. 'மாசுபடுத்தியவனே செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய முக்கியமான வழக்கு அது. 28 வருஷத்துக்கு மேல் கழிந்து 2025 ஜனவரி 30-இல் அதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டி வந்தது. எங்க ஊர் உத்திரகாவேரி மலைத்தண்ணீரைக் கொண்டுபோய்க் கலப்பதும் அந்தப் பாலாற்றில்தான்.

இங்கே இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 'குரோமியம் என்றாலே விஷம்' என்று கத்துவதும் தப்பு, 'ஒண்ணும் ஆவாதுபா' என்று மழுப்புவதும் தப்பு. டேனரி டிரம்மில் போடுவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். அது செல்லுக்குள் சுலபத்தில் நுழையாது. ஆறு இணைதிறன் கொண்ட குரோமேட்தான் பொல்லாதது. வடிவத்திலும் மின்னூட்டத்திலும் அது சல்பேட் மாதிரியே இருக்கும். சல்பேட் செல்லுக்குத் தேவையான சரக்கு. காவல்காரன் ஆள் தெரியாமல் கதவைத் திறந்துவிடுகிறான்! உள்ளே போன குரோமேட் உருமாறும்போது டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துகிறது, புற்றுநோய்க்கு வழி வைக்கிறது. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை விட்டுப்போன கழிவு லட்சம் டன்னுக்கு மேல். அதைப் பற்றிப் பேசும்போது எந்தக் குரோமியம் என்று கேட்கத் தெரிய வேண்டாமா நமக்கு? நாளைக்கு எஃப்ளுவென்ட் பிளான்ட்டில் லாக்-புக் எழுதப் போவது நாம்தானே?

"மொதல்ல காத்தை விடு"

இன்-பிளான்ட் டிரெயினிங்குக்கு ஒரு தொழிற்சாலைக்குப் போயிருந்தோம். பேர் வேண்டாம். கழிவுநீர்த் தொட்டியில் பம்ப் அடைத்துக்கொண்டது. "மூக்குல ஈரத்துண்டு கட்டிக்கினு இறங்குபா, அஞ்சு நிமிஷ வேலை" என்றார் பொறுப்பாளர். இறங்க வேண்டியவர் ஐம்பது வயசுக்காரர். அவர் அசையவில்லை. "மொதல்ல காத்தை விடு, அப்பறம் ஆளை விடு" என்றார். ப்ளோயர் கொண்டுவந்து ஓட்டிய பிறகும் அவர் இறங்கவில்லை. மேலிருந்தே கொக்கி போட்டு அடைப்பை எடுத்தார்கள்.

அவர் சொன்னதற்குப் பின்னால் இருக்கும் அறிவியல் இதுதான். தோலிலிருந்து முடியை நீக்க சோடியம் சல்பைடும் சுண்ணாம்பும் போடுகிறார்கள். அந்தத் தண்ணீரோடு அமிலத் தண்ணீர் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். சேறு நாள்பட்டுக் கிடந்தாலே பாக்டீரியா அதை உண்டாக்கிவிடும். காற்றைவிடக் கனமானது, அதனால் தொட்டிக்கு அடியில் தேங்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம். அதிகமானால் மூக்கின் உணர்வே செத்துப்போகும். 'நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்' என்று நினைக்கிற நேரம்தான் எமன் நிற்கிற நேரம்!

உடம்புக்குள் என்ன ஆகிறது? நம் செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பு இருக்கிறது. உணவிலிருந்து சக்தி எடுக்கும் வேலையின் கடைசிப் படியில், ஒரு நொதி ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது. அந்த நொதியைத்தான் இந்த வாயு அடைக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் செல்லால் அதைப் பயன்படுத்த முடியாது. ஆள் அப்படியே சாய்ந்துவிடுவார். தூக்கப் போகிற இரண்டாவது ஆளும் சாய்வார். 'தொட்டியில் இறங்கிய மூவர் பலி' என்று பேப்பரில் படிக்கிறோமே, ஏன் எப்போதும் இரண்டு பேர், மூன்று பேர் என்று கேட்டிருக்கிறோமா? ஈரத்துண்டு இந்த வாயுவை நிறுத்தாது.

பாதுகாப்பு இல்லாமல் சாக்கடையிலும் செப்டிக் டேங்க்கிலும் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டம் காகிதத்தில் இருக்கிறது. 'இறங்கு' என்று சொல்லும் வாய் நம்முடையது! பம்ப்பின் குதிரைத்திறனைக் கணக்குப் போடத் தெரிந்த நமக்கு, அந்தத் தொட்டிக்குள் போகும் மனுஷனின் மூச்சுக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சிவில் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை

இது மெக்கானிக்கல், கெமிக்கல்காரன் கவலை என்று ஒதுங்காதீர்கள். 2023 மே மாதம், நம்ம அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலையில் ஒன்றரை வயசுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ரோடு இல்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் குழந்தை இறந்துவிட்டது. திரும்பும்போது ஆம்புலன்ஸ் மலை ஏற முடியாமல், அந்தத் தாய் குழந்தையின் உடலைக் கையில் சுமந்துகொண்டு மலைப்பாதையில் நடந்தார். நாடே பார்த்தது.

பாம்பு விஷமும் பெரும்பாலும் புரதம்தான். கட்டுவிரியன் விஷம் நரம்பிலிருந்து தசைக்குப் போகும் சேதியைத் துண்டிக்கிறது, மூச்சு விடும் தசை நின்றுபோகிறது. கண்ணாடிவிரியன் விஷம் ரத்தம் உறைகிற ஏற்பாட்டையே குலைக்கிறது. மாற்று மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கும் எதிர்ப்புப் புரதம். அதற்கு வேண்டிய விஷத்தை வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுத்து வந்திருக்கிறது. ஆனால் மருந்து பிடிக்கக்கூடியது இன்னும் நரம்பில் போய் ஒட்டாத விஷத்தை மட்டும்தான். ஒட்டின பிறகு மருந்து இருந்தும் பலன் குறைவு. அப்படியானால் மலை ரோட்டின் ஒவ்வொரு கிலோமீட்டரும் மருந்தின் ஒரு பாகம் இல்லையா? ரோடு அளக்கப் போகும் சிவில்காரனுக்கு இது தெரிந்தால் அவன் எஸ்டிமேட் போடும் வேகமே வேறாக இருக்கும்.

என்ன செய்யலாம்?

"இருக்கிற அரியரையே முடிக்க முடியல, இதுல புதுசா ஒரு பேப்பரா?" என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. நியாயம்தான். நான் பரீட்சை கேட்கவில்லை, மார்க்கும் கேட்கவில்லை. நம் மாணவர் மன்றமே செய்யக்கூடிய மூன்று காரியங்களைச் சொல்கிறேன்.

ஒன்று: செமஸ்டருக்கு இரண்டு சனிக்கிழமை. பக்கத்துப் பள்ளியின் உயிரியல் ஆசிரியர் ஒருவரை அழைத்து செல், புரதம், நொதி, மூச்சு ஆகிய நாலே தலைப்பில் தமிழில் பாடம்.

இரண்டு: நூலகத்தில் ஒரு தட்டு. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்வழி உயிரியல் புத்தகங்கள் இருந்தால் போதும்.

மூன்று: கடைசி வருஷ புராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஒரு பக்கம். 'இந்த மெஷினிலிருந்து வெளியே போவது எந்த உயிரைத் தொடும்? என்ன செய்யும்?' இந்த இரண்டு கேள்விக்குப் பதில் எழுதட்டும்.

'இன்டர்வியூவில் பயாலஜி கேட்க மாட்டானே' என்பார்கள். உண்மை, கேட்க மாட்டான். ஆனால் ஒருநாள் தொட்டி வாசலில் ஒரு தொழிலாளி நம் முகத்தைப் பார்த்து, "சார், இறங்கலாமா?" என்று கேட்பார். அதற்குச் சரியான பதில் சொல்லத் தெரிந்தவனாக இந்தக் கல்லூரியை விட்டுப் போவோம், நண்பர்களே!

– ஒடுகத்தூர் மாணவன்,
மூன்றாமாண்டு மெக்கானிக்கல்