நீளமான வேளாண்மை வீடியோ எப்போது பார்க்கத் தகுந்தது?

நிலக்கடலைக்கு ஜிப்சம் இட வேண்டிய நாளை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். இறவைப் பயிருக்கு விதைத்த 40 முதல் 45 நாள்களுக்குள், ஏக்கருக்கு 160 கிலோ, செடியின் அடியில் இட்டு மண் அணைக்க வேண்டும். ஆனால் அந்த நாளில் அதை ஏன் இட வேண்டும், மண் அணைத்த பிறகு ஏன் செடியை அசைக்கக் கூடாது, இடாமல் விட்ட பாத்தியில் காய் எப்படிப் பொக்காகப் போகிறது என்பதைக் கண்ணுக்குக் காட்ட ஒரு நிமிடம் போதாது. காட்டாததை விவசாயி நம்புவதும் இல்லை.

2016 செப்டம்பருக்குப் பின் செல்போனில் இணையச் செலவு சரசரவென்று குறைந்தது. அதன் பிறகு வேளாண்மை ஆலோசனை என்பது பெரும்பாலும் யூடியூப் வழியாகவே கிராமத்திற்குள் நுழைகிறது. இலையில் புள்ளி விழுந்தால் மகன் செல்போனைத் தட்டிப் பார்க்கிறான். அதில் வருபவர் சொல்லும் மருந்தின் பெயரை எழுதிக்கொண்டு தகப்பனார் கடைக்குப் போகிறார். எனவே எந்த வீடியோ நல்லது, எது வெறும் நீட்டல் என்பது பொழுதுபோக்கு சம்பந்தப்பட்ட கேள்வி இல்லை. அது சாகுபடிச் செலவு சம்பந்தப்பட்டது.

இன்றைய மக்களுக்குப் பொறுமை இல்லை, நீளமாக எடுத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. ஒரே பொருளை எடுத்துக்கொண்டு இருபது நிமிடம், ஒரு மணி நேரம் என்று விளக்கும் வீடியோக்கள் உலகமெங்கும் பார்க்கப்படுவதை அவர்கள் கவனிக்கவில்லை. இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டிய ரமணாசிரமம் பகுதியிலேயே ஒன்று இருக்கிறது.

ஆசிரமத்துப் பக்கம் ஒரு பாடம்

டேவிட் காட்மன் என்ற ஆங்கிலேயர் 1976-இல் இந்தியாவுக்கு வந்து திருவண்ணாமலையில் தங்கியவர். 1978 முதல் 1985 வரை ரமணாசிரம நூலகத்தைக் கவனித்துக்கொண்டார். ரமண மகரிஷி 1950 ஏப்ரல் 14-இல் மறைந்துவிட்டார். ஆனால் அவருடன் நேரில் பழகிய அடியார்கள் பலர் அப்போது உயிருடன் இருந்தனர். காட்மன் அவர்களைத் தேடிப் போய்க் கேட்டார், எழுதினார், ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு ஒத்துப் பார்த்தார். அப்படிக் கேட்டு எழுதியவற்றுள் ஒன்று அண்ணாமலை சுவாமியின் வாழ்க்கை. ஆசிரமத்து மாட்டுக் கொட்டகையைக் கட்டும் வேலையை மேற்பார்த்தவர் இந்த அண்ணாமலை சுவாமிதான். மகரிஷியின் அன்புக்குரிய பசு லட்சுமி 1948-இல் இறந்தபோது ஆசிரமத்துக்குள்ளேயே சமாதி எழுப்பப்பட்டது என்பதை அப்பகுதிக் குடியானவர்கள் அறிவார்கள்.

பல ஆண்டுகள் கழித்து காட்மன் தாம் சேர்த்ததையெல்லாம் யூடியூப்பில் வரிசையாகப் பேசினார். ஒவ்வொன்றும் நீளமான பேச்சு. ஒரு பேச்சுக்கு ஒரு பொருள். ஆட்டமில்லை, பாட்டமில்லை, அதிர்ச்சித் தலைப்பும் இல்லை. உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் உட்கார்ந்து கேட்டார்கள். காரணம் மிக எளியது. கேமரா முன் உட்காருவதற்கு முன்பே முப்பது ஆண்டுச் சரக்கு அவர் கையில் இருந்தது. இன்ன செய்தியை இன்னார் சொன்னார் என்று அவரால் பெயர் சொல்ல முடிந்தது. களஞ்சியத்தில் நெல் இருப்பவன் மரக்கால் மரக்காலாக அளந்துகொண்டே இருக்கலாம். இல்லாதவன் எத்தனை நேரம் மரக்காலைத் தட்டிக்கொண்டிருக்க முடியும்?

வேளாண்மை வீடியோவையும் இதே அளவுகோலால்தான் பார்க்க வேண்டும். அங்கே சரக்கு என்பது பருவம். விதைப்பு முதல் அறுவடை வரை ஒரு நிலத்தில் நின்றவரிடம் ஒரு மணி நேரப் பேச்சுக்கு வேண்டிய விஷயம் தானாகவே இருக்கும். அறுவடை நாளன்று மட்டும் காரில் வந்து இறங்குபவரிடம் ஐந்து நிமிடத்துக்குக்கூட இருக்காது.

நிமிடத்துக்குக் காசு

அப்படியிருந்தும் ஐந்து நிமிடச் சரக்கு ஏன் பன்னிரண்டு நிமிடமாக இழுக்கப்படுகிறது? அதற்கும் கணக்கு இருக்கிறது. 2012-இல் யூடியூப் நிறுவனம் தன் முறையை மாற்றியது. எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை வைத்து வீடியோக்களைப் பிறருக்குச் சிபாரிசு செய்யத் தொடங்கியது. 2018-இல், விளம்பர வருமானத்தில் பங்கு வேண்டுமானால் ஒரு சேனலுக்கு 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டுக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்று விதித்தது. 4,000 மணி என்பது 2,40,000 நிமிடம். எட்டு நிமிட வீடியோவை முப்பதாயிரம் பேர் முழுமையாகப் பார்த்தால்தான் அது தேறும். 2020 ஜூலை முதல் வீடியோவின் நடுவிலே விளம்பரம் போட எட்டு நிமிட நீளம் போதும் என்றானது. அதற்கு முன் பத்து நிமிடம் தேவைப்பட்டது.

எட்டு நிமிடத்தைத் தாண்டுவதில் காசு இருக்கும்போது வணக்கம் சொல்ல ஒரு நிமிடம், மணியை அழுத்தச் சொல்ல ஒரு நிமிடம், “கடைசியில் ஒரு ரகசியம் இருக்கிறது” என்று காக்க வைக்க இரண்டு நிமிடம் என்று போவதில் ஆச்சரியம் என்ன? சேனல் நடத்துபவரும் பிழைக்க வேண்டியவர்தான். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த நிமிடங்களில் விவசாயிக்கு உரிய பங்கு எவ்வளவு என்று கேட்க விவசாயிக்கு உரிமை உண்டு.

கவர்ச்சியான படத்தை நம்பி ஏமாறுவது யூடியூப்பால் வந்த வியாதி அல்ல. பெருந்துறையைச் சுற்றி ஈமு கோழி வளர்ப்புக்குத் தொலைக்காட்சியில் வந்த விளம்பரங்கள் பலருக்கு மறந்திருக்காது. குஞ்சும் தீவனமும் தருகிறோம், மாதந்தோறும் பணமும் தருகிறோம் என்றார்கள். 2012-இல் அந்த வியாபாரம் சரிந்தபோது முதலீடு செய்த குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அந்த விளம்பரங்களில் பறவை இருந்தது, நடிகர் இருந்தார். அந்த இறைச்சியை யார் வாங்குகிறார், என்ன விலைக்கு வாங்குகிறார் என்பது மட்டும் இல்லை. இன்றைக்கு “ஏக்கருக்கு இத்தனை லட்சம்” என்று தலைப்பிட்டு வரும் மர வளர்ப்பு, புதுப் பழ வகை வீடியோக்களிலும் விடுபடுவது பெரும்பாலும் அதே பகுதிதான்.

நடுப்பகுதி எங்கே?

மீண்டும் நிலக்கடலைக்கு வருவோம். திருவண்ணாமலை மாவட்டத்துச் செம்மண் நிலங்களுக்குப் பழகிய பயிர் அது. பெரும்பாலான வீடியோக்கள் கொத்துக் கொத்தாகக் காய்த்த ஒரு செடியைப் பிடுங்கித் தூக்கிக் காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. ஒரு செடி மகசூல் ஆகாது. கோடை உழவில் தொடங்க வேண்டும். விதைப்பருப்புக்கு டிரைக்கோடெர்மா கலந்ததை, கிலோவுக்கு நாலு கிராம் என்று, தராசில் வைத்தே காட்ட வேண்டும். முளைக்காமல் போன இடங்களையும் காட்ட வேண்டும். முதல் களைக்கு ஆள் வராமல் நான்கு நாள் தள்ளிப் போனது, அதனால் ஏற்பட்ட கூடுதல் செலவு, பூ எடுத்து விழுது இறங்கும் நேரத்தில் மண் காய்ந்தது, இவை எல்லாம் சேர்ந்ததுதான் சாகுபடி. ஜிப்சத்திலுள்ள சுண்ணாம்புச் சத்தை மண்ணுக்குள் வளரும் காய் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே நேராக எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் வேரடியில் இட்டு மண் அணைக்கச் சொல்கிறார்கள். இட்ட பாத்தியில் பத்துச் செடி, இடாத பாத்தியில் பத்துச் செடி பிடுங்கி, காயை உடைத்துப் பருப்பை அருகருகே வைத்தால் அதைவிட நல்ல பாடம் வேறில்லை. பிறகு மூட்டை எடை, ஈரம் என்று கழித்தது, கமிஷன், வண்டி வாடகை, கைக்கு வந்த தொகை.

இத்தனையும் சொன்னால் வீடியோ தானாகவே நாற்பது நிமிடம் ஆகிவிடும். அந்த நாற்பது நிமிடத்தில் ஒன்றைக்கூட வெட்ட விவசாயி சம்மதிக்க மாட்டார். நஷ்டக் கணக்கு வரும் இடத்தில்தான் அவர் காதைக் கூர்மையாக்கிக்கொள்வார். ஆனால் அந்த இடத்தைத்தான் வெட்டிவிடுகிறார்கள்.

வேலையை முழுதாகக் காட்டினால் மக்கள் பார்ப்பார்கள் என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலம் சாட்சி. ஒரு வேளாண் குடும்பத்து இளைஞர்கள் பெரியதம்பித் தாத்தாவை முன்னிறுத்தி 2018-இல் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டியது. தமிழ்ச் சேனல்களில் அந்த எண்ணிக்கையை முதலில் தொட்டது அதுதான். அதில் விளக்கவுரை குறைவு. காய் நறுக்குவது முதல் பரிமாறுவது வரை எதுவும் ஒளிக்கப்படுவதில்லை. சமையல் வேறு, சாகுபடி வேறு என்பது உண்மை. சமையல் ஒரு பகலில் முடியும், பயிர் நூறு நாள் கேட்கும். அதனால்தான் வேளாண்மை வீடியோ எடுப்பவருக்குப் பொறுமை அதிகம் வேண்டும்.

பேசுபவர் எந்த ஊர்?

2006-இல் பெங்களூருவில் மைக்ரோசாப்ட் ஆராய்ச்சிக் கூடத்தில் ‘டிஜிட்டல் கிரீன்’ என்ற முயற்சி தொடங்கப்பட்டது. கர்நாடகக் கிராமங்களில் அந்தந்த வட்டாரத்து விவசாயிகளையே படம் பிடித்து, பக்கத்துக் கிராமத்தாருக்குப் போட்டுக் காட்டினார்கள். படத்தை இடையிடையே நிறுத்திக் கேள்வி கேட்க ஒருவரும் இருந்தார். வழக்கமான விரிவாக்கப் பணியைவிட இம்முறையில் அதிகம் பேர் புதிய முறைகளைக் கடைப்பிடித்தார்கள் என்று அந்த ஆய்வு கூறியது. பார்ப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள விரும்பியது பேசுபவர் யார், எந்த ஊர் என்பதைத்தான். நம் மண்ணா, நம்மைப் போல மானம் பார்த்த பூமியா, நம் கிணற்று நீரா என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு கேட்கத் தோன்றும். அந்தப் படங்கள் நீளமானவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஆள் அருகில் இருந்து விளக்கும்போது படம் நீள வேண்டியதில்லை. ஆள் இல்லாத இடத்தில் அந்த வேலையையும் படமே செய்ய வேண்டியிருக்கிறது.

இது பழைய அனுபவத்தோடும் ஒத்துப் போகிறது. 1960-களில் தஞ்சை மாவட்டத்தில் ஏ.டி.டி. 27 நெல் ‘வானொலி நெல்’ என்றே பெயர் பெற்றது. 1975 ஆகஸ்டு 15-இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கிய பின் ‘வயலும் வாழ்வும்’ கிராமத்துக்குக் கிராமம் பழக்கமாயிற்று. அங்கே பேசியவர் சொன்னது தவறென்றால் கேட்பதற்கு ஒரு நிலையமும் ஓர் அலுவலரும் இருந்தார்கள். இன்று சேனல் நடத்துபவரிடம் யார் போய்க் கேட்பது?

ரமணாசிரமம் பகுதிக்காரர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. அந்த வட்டாரத்தில் நிலம் மனையாகவும் விடுதியாகவும் மாறி வருகிறது என்றாலும், கிரிவலப் பாதைக்கு அப்பால் இன்னும் நெல்லும் கடலையும் விளைகின்றன. அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. ஏ.டி.எல். 1 என்று பெயர் தாங்கிய சாமை, தினை ரகங்கள் அங்கிருந்து வந்தவை. சாமை மூன்று மாதப் பயிர். ஜவ்வாது மலையில் பரம்பரையாக விளைவது. ஒரு விவசாயியின் அரை ஏக்கர் சாமையை விதைப்பு முதல் உமி நீக்கி விற்பது வரை, அந்த மையத்தின் விஞ்ஞானி ஒருவரை மாதம் ஒரு முறை வயலுக்கே வரவழைத்துப் படம் எடுத்தால், சரக்கும் இருக்கும், பொறுப்பேற்க ஆளும் இருப்பார். செலவு ஒரு செல்போனும், மூன்று மாதப் பொறுமையும்தான். காற்றின் இரைச்சல் பேச்சைக் கெடுக்கும் என்பதால், சட்டையில் மாட்டும் சிறு மைக் ஒன்று வாங்கி அதைப் பஞ்சால் மூடிக்கொள்வது நல்லது.

ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க விவசாயிக்கு நேரம் ஏது என்ற கேள்வி நியாயமானது. பலர் பார்ப்பதில்லை, கேட்கிறார்கள். மாட்டுக்குத் தீவனம் நறுக்கும்போதும், தண்ணீர் மடை திருப்பும்போதும் செல்போன் சட்டைப் பையில் பேசிக்கொண்டிருக்கிறது. ஆகவே “இதோ இப்படி இருக்கிறது பாருங்கள்” என்று சொல்வதில் பயனில்லை. “அடி இலையில் கரும்பழுப்புப் புள்ளி, சுற்றிலும் மஞ்சள் வளையம்” என்று வாயாலும் சொல்ல வேண்டும். பேசுபவர் தம் ஊர், மண், பாசன வசதி, விதைத்த தேதி ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், தமக்குப் பொருந்தாதவர் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பூச்சிமருந்து சிபாரிசு செய்யும் வீடியோவில் மருந்துப் புட்டியின் சீட்டைக் காட்டுகிறார்களா என்று கவனிக்க வேண்டும். எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, எவ்வளவு அளவு என்பது அந்தச் சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். நச்சின் கடுமையைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை வண்ணக் குறியும் இருக்கும். சிவப்புதான் மிகக் கொடியது. தம் பயிரின் பெயர் அந்தச் சீட்டில் இல்லையென்றால், வீடியோவில் யார் சொல்லியிருந்தாலும், கடைக்குப் போகும் முன் 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசி, தமிழிலேயே விவரம் கேட்டுக்கொள்ளலாம்.