நிழற்படத் தாளும் சிக்கனமும்

வீட்டிலே இங்க்ஜெற் பொறியில் நிழற்படம் அச்சிடும் நேயர்கள், மலிவான தாளெல்லாம் சிக்கனமெனக் கொள்ளலாகாது என்பதே நாம் கூற விழைவது. ஏ4 தாளொன்றில் 4 அங்குல அகலமும் 6 அங்குல நீளமுமுள்ள படங்கள் நான்கு அடங்குமெனப் பலர் எண்ணுவர். தாளின் நீளம் 297 மில்லிமீற்றர்; இரு படங்களின் நீளமோ ஏறக்குறைய 305. ஆதலால் மூன்றே தேறும். தாளின் விலையை மூன்றால் வகுத்து, அவ்வளவிலேயே வெட்டி விற்கும் தாளின் விலையோடு ஒப்பிடுக.

பிள்ளைகளின் பாடசாலைத் தேவைக்கு மலிவான தாள் போதும். ஆயின், அதிற் சாய மையால் அச்சிட்ட படம் காற்றுப்பட விரைவில் மங்கக்கூடும். தாய் தந்தையரின் திருமணப் படம்போற் பேணவேண்டியவற்றுக்கு, பொறியைச் செய்தோர் பரிந்துரைக்கும் தாளையே வாங்கி, கண்ணாடிச் சட்டத்துள் இடுக. ஏனைய படங்களில் மிச்சம் பிடித்ததை அந்த ஒன்றுக்குச் செலவிடலாமன்றோ?