மூட்டையை விட்டுவிட்டு முதுகைக் குற்றம் சொல்வது

சுமை தூக்குபவரின் முதுகு பழுதானால், குற்றக் கூண்டில் முதலில் ஏற்றப்படுவது அந்த முதுகுதான். "முழங்காலை மடக்கு, முதுகை நிமிர்த்து, சுமையை உடலோடு அணைத்துத் தூக்கு" என்பதே பாதுகாப்புப் பயிற்சிகளின் மூலமந்திரம். காயமுற்றவர் சரியாகத் தூக்கவில்லை என்பதே அதன் உட்பொருள். தூக்கும் முறையைக் கற்பிப்பது முதுகுவலியைத் தடுப்பதாகச் சான்று இல்லை என 2011 ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு முடிவு கூறியது. ஆயினும் பயிற்சி தொடர்கிறது. காரணம் எளிது: பயிற்சி மலிவு, மூட்டையைச் சிறிதாக்குவது செலவு.

அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வகுத்த சூத்திரத்தில், எல்லாச் சூழலும் சாதகமாக அமைந்தாலும் சுமையின் உச்சவரம்பு 23 கிலோதான். இந்தியாவில் ஒரு சிமெண்ட் மூட்டை 50 கிலோ. பிரிட்டனில் அதே சிமெண்ட் 25 கிலோ பையில் விற்கப்படுகிறது. இந்த வேறுபாட்டை எந்த முழங்கால் மடிப்பும் ஈடுசெய்யாது.

சட்டமும் துணைநிற்கவில்லை. காயம் விளைவிக்கக்கூடிய சுமையை 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தடுத்தது. ஆனால் தொழிற்சாலைக்குள் மட்டுமே. மகாராஷ்டிரத்தின் 1969 ஆம் ஆண்டு மாத்தாடிச் சட்டம் சுமைதூக்குவோரின் கூலிக்கும் சேமநிதிக்கும் வழிவகுத்தது. அது போராடிப் பெற்ற பெருவெற்றி. எனினும் மூட்டையின் எடை வணிகரின் வசதிக்கே விடப்பட்டது. 1923 ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் விபத்தைத் தேடியது. முதுகெலும்போ ஒரு நாளில் முறிவதில்லை. இருபது ஆண்டுகளில் தேய்கிறது. அந்தத் தேய்மானம் அச்சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இடம்பெறவே இல்லை. அதிகபட்சச் சுமை பற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 127 ஆம் உடன்படிக்கையை இந்தியா 2010 இல் ஏற்றுக்கொண்ட பின்னரும் நிலை இதுதான்.

இவ்வளவும் முதலாளி உள்ளவர்களின் கதை. 1927 முதல் மும்பையின் குப்பை கொட்டப்படும் தேவ்நார் மேட்டில், பொறுக்கியதைச் சாக்கில் கட்டித் தலையில் சுமந்து இறங்குபவர்களுக்கு முதலாளியும் இல்லை, விபத்துப் பதிவேடும் இல்லை. பதிவேடு இல்லாத இடத்தில் காயமும் இல்லை என்று முடிவுகட்டுவது புள்ளியியல் அன்று, கைகழுவல்.

சமூக அறிவியலுக்குப் புகழ்பெற்ற டாடா நிறுவனம் இருப்பதும் அதே தேவ்நாரில்தான். கல்விப்புலம் கேட்கவேண்டிய கேள்வி "இவர்கள் எப்படித் தூக்குகிறார்கள்?" என்பதன்று. மூட்டையின் எடையை முடிவுசெய்பவர் யார், அந்த முடிவின் விலையைச் சுமப்பவர் யார் என்பதே. தோரணையை அளக்கும் ஆய்வுகள் போதும். இனி மூட்டை அளக்கப்படட்டும்.